சுடாத ரிவால்வருக்கு என்ன விலை?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்று ஒரு நகரம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் நவம்பரிலும், அங்கே துப்பாக்கிச் சந்தை கூடுகிறது. பதினோரு ஏக்கருக்கு ஒரே கூரை. அதன் கீழே 4,000-க்கும் மேற்பட்ட மேசைகள். உலகத்திலேயே பெரிய துப்பாக்கிச் சந்தை என்பது அவர்கள் மார்தட்டிக்கொள்ளும் பெருமை.

எந்த வரிசையில் நடந்தாலும் இப்படி ஒரு மேசை தட்டுப்படும். பச்சைத் துணி விரிப்பு. அதன்மேல் மரத்தின் வரிகளை அச்சடித்த பழுப்பு அட்டைப்பெட்டி. மூடியைத் தூக்கினால் வெள்ளைத் தெர்மகோலில் வெட்டிய குழி, அதற்குள் ஆறு அங்குல பேரல் கொண்ட கோல்ட் பைத்தான் ரிவால்வர். கருநீல மெருகு எப்படியென்றால், குனிந்து பார்க்கிறவரின் மூக்குக் கண்ணாடி அதில் தெரியும். யாரும் விசையை இழுத்துவிடாதபடி நைலான் பட்டை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் கையால் எழுதிய சீட்டு: ‘சுடாதது. பெட்டியும் காகிதங்களும் உண்டு. 6,000 டாலர்.’

குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, “பட்டையை வெட்டிக் காட்ட முடியுமா?” என்பார். மேசைக்காரர் தலையாட்ட மாட்டார். “வெட்டிச் சிலிண்டரை ஒரு சுற்றுச் சுற்றினால் கோடு விழும். கோடு விழுந்தால் இந்த விலை போகாது. முதலில் பணத்தை வையுங்கள், பிறகு வெட்டுங்கள்.”

இந்த வியாபாரத்தின் சிக்கல் மொத்தமும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. சரக்கைச் சோதித்தால் சரக்கின் மதிப்புக் குறையும். சோதிக்காமல் வாங்கினால் ஏமாறலாம். அப்படியானால் அந்தச் சீட்டில் எழுதிய 6,000 நியாயமா, இல்லையா? அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கூடும் இடமெல்லாம் இதுதான் பேச்சு. இதுவரை ஒரு தோட்டா கூடச் சுடாத கருவிக்கு விலை சொல்வது, சுட்டுத் தேய்ந்த கருவிக்குச் சொல்வதைவிடக் கடினம் என்பதை அதில் இறங்கியவர்கள் அறிவார்கள்.

பாம்புக் குடும்பம்

கனெடிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் நிறுவனம் 1955-இல் பைத்தானை வெளியிட்டது. .357 மேக்னம் தோட்டா, ஆறு அறைச் சிலிண்டர், விலை 125 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. உள்ளிருக்கும் பாகங்களைத் தேர்ந்த தொழிலாளர்கள் கையால் அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். மெருகு ஏற்றுவதற்கு முன் எஃகைக் கண்ணாடி போலத் தேய்த்தார்கள். ‘ராயல் புளூ’ என்று பெயர் பெற்ற அந்த நீலத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு.

கோல்ட் தன் ரிவால்வர்களுக்குப் பாம்புகளின் பெயரை வைத்தது. கோப்ரா, பைத்தான், டைமண்ட்பேக், வைப்பர், கிங் கோப்ரா, அனகோண்டா. 1985-இல் ஒரே ஒரு மொத்த வியாபாரிக்காக 1,200 மட்டும் செய்த ‘போவா’வும் இதில் சேரும். பைத்தானின் வழக்கமான உற்பத்தி 1999-இல் நின்றது. தனி ஆர்டர்களுக்காக இன்னும் சில ஆண்டுகள் ஓடி, பிறகு அதுவும் நின்றது. கையால் பொருத்தும் வேலைக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை.

2010 அக்டோபரில் ‘தி வாக்கிங் டெட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. பிணங்கள் எழுந்து நடமாடும் கதை. அதன் நாயகன் இடுப்பில் இருந்தது ஆறு அங்குல பைத்தான். கடையில் புதிதாகக் கிடைக்காத பொருளை வாரம் ஒருமுறை கோடிக்கணக்கானவர்களுக்குக் காட்டினால் என்ன ஆகும்? விலை ஏறியது. 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ திரைப்படம் வந்தபோது, அதில் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மாடல் 29 ரிவால்வருக்கும் இதேதான் நடந்தது. பட்டியல் விலைக்கு மேல் கொடுத்துத்தான் அதை வாங்க முடிந்தது.

2015-இல் கோல்ட் திவால் மனு கொடுத்தது. மீண்டு வந்து, 2020 ஜனவரியில் புதிய பைத்தானை 1,499 டாலருக்கு இறக்கியது. அடுத்த ஆண்டே செக் நாட்டு நிறுவனம் ஒன்று கோல்ட்டை வாங்கிவிட்டது.

சுடவில்லை என்பதற்கு யார் சாட்சி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். உலகில் முற்றிலும் சுடாத கோல்ட் ரிவால்வர் என்று ஒன்று கிடையாது. தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் முன் ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். எனவே சீட்டில் இருக்கும் ‘சுடாதது’ என்பதை ‘தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு சுடாதது’ என்று படிக்க வேண்டும். அதற்குச் சாட்சி? விற்கிறவரின் வாய்ச்சொல்தான்.

சுட்ட துப்பாக்கியில் தடயம் இருக்கும். சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு அறையைச் சுற்றியும் கரிவளையம் படியும். பேரலின் பின்வாயில் ஈயப் பூச்சு ஒட்டும். மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டிருந்தால், சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளிக்கு மேலே, சட்டத்தின் அடிப்பக்கத்தில் நெருப்பு அரித்த மெல்லிய பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யாராலும் அழிக்க முடியாது. கரிவளையத்தை அழிக்கலாம். ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சுட்டுவிட்டு, கரைசலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து வைத்தால், பத்தாண்டு கழித்து எந்த நிபுணரும் அதைச் சுட்டது என்று சத்தியம் செய்ய மாட்டார். சுடவில்லை என்றும் செய்ய மாட்டார்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுட்டதா என்று கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. நிலையைப் பார்க்கிறார்கள். முதலில் கண் போவது சிலிண்டரின் நடுப்பகுதிக்கு. சிலிண்டர் சுற்றும்போது அதைப் பூட்டும் சின்ன எஃகுக் கொக்கி அதன்மேல் உரசிக்கொண்டே போகும். உரசிய தடம் மெருகில் மெல்லிய வளையமாகப் பதியும். ‘சுழற்கோடு’ என்று அதைச் சொல்லலாம். சுடவே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து சும்மா சுழற்றி விளையாடினாலே போதும், கோடு விழுந்துவிடும். துல்சா மேசைக்காரர் பட்டையை வெட்ட மறுத்தது இதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோடே இல்லாத துப்பாக்கியில் பூட்டு சரியாக விழுகிறதா என்று யாரும் பார்த்ததில்லை என்றுதானே அர்த்தம்? பைத்தானின் உள்வேலை நுட்பமானது. விசையை இழுக்க இழுக்கச் சிலிண்டரை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தைத்தான் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் தேய்மானத்தால் நேரம் தவறினால் அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்று மிகச் சில. 1986 ஜனவரியில் தொடங்கி நான்காண்டு நீடித்தது கோல்ட் தொழிலாளர் வேலைநிறுத்தம். அந்த ஆண்டுகளில் மாற்று ஆட்களை வைத்துச் செய்தவற்றைச் சேகரிப்பாளர்கள் பலர் இன்றும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். பெட்டி பிரிக்காத 1987 பைத்தான் அழகாக இருக்கும். அது எப்படி வேலை செய்யும் என்பது பட்டையை வெட்டும் வரை தெரியாது.

---
பெட்டிச் செய்தி: பூதக்கண்ணாடி போக வேண்டிய இடங்கள்

திருகுகள்: திருகுத் தலையின் பள்ளம் கூர்மையாக இருக்க வேண்டும். பிசிறு தட்டியிருந்தால் யாரோ பக்கத் தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ‘திறக்கவே இல்லை’ என்ற கதை அங்கேயே முடிந்தது.

குதிரை முத்திரை: பக்கவாட்டில் பாயும் குதிரையும், பேரலில் பெயரும் பொறித்திருக்கும். விளிம்புகள் மழுங்கியிருந்தால் பழைய மெருகைத் தேய்த்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். பார்க்கப் புதிது, மதிப்பில் பாதி போயிற்று.

எண்: சிலிண்டரை வெளியே தள்ளினால் சட்டத்தில் வரிசை எண் தெரியும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மரப்பிடி: பிடியும் இரும்பும் சேரும் இடத்தில் விரல்நுனி பிடிக்கும்படியான படி இருக்கக் கூடாது. இருந்தால் பிடி வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம்.

தோல் உறை: பல ஆண்டு தோலுறைக்குள் வைத்திருந்தால், தோல் பதனிட்ட உப்பு மெருகைத் தின்று புள்ளி புள்ளியாகத் துருவை விட்டிருக்கும். சுடாத துப்பாக்கியும் இப்படிக் கெடும்.

---

பெட்டிக்கே ஒரு விலை

பெட்டி, பராமரிப்புக் கையேடு, உத்தரவாத அட்டை, தொங்கு சீட்டு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால் கூடவே கொடுத்த திருகுளியும் துடைப்புக் கம்பியும்: இவை எல்லாம் இருந்தால் விலை ஏறும். அதே ரிவால்வர், அதே நிலை, பெட்டி இல்லை என்றால் பல நூறு டாலர் இறங்கிவிடும். அதன் விளைவு என்ன? வெறும் பெட்டிகளைத் தனியாக விற்கும் சந்தை ஒன்று முளைத்துவிட்டது. 1970-களின் பெட்டி ஒன்றை வாங்கி, பழைய எண்ணை அழித்து, புதிய எண்ணை எழுதுவதற்குப் பெரிய கைத்திறன் தேவையில்லை. அசலைப் போலவே அச்சிட்ட போலி வில்லைகளும் உலவுகின்றன.

இந்த ஏமாற்றுக்கு எதிரான நல்ல ஆயுதம் தொழிற்சாலைக் கடிதம். கட்டணம் செலுத்தி வரிசை எண்ணை அனுப்பினால் கோல்ட் ஆவணக் காப்பகம் பழைய ஏடுகளைப் புரட்டி, அந்த ரிவால்வர் எந்தத் தேதியில், எந்த வியாபாரிக்கு, எந்த மெருகில், எத்தனை அங்குல பேரலோடு போனது என்று எழுதித் தரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் இதே ஏற்பாடு உண்டு. நீலமாகப் போன துப்பாக்கி இன்று நிக்கல் பூச்சோடு மேசையில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் கடிதத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு எப்படிப் போனது என்று அது சொல்லும். அதற்குப் பிறகு அது என்ன செய்தது என்று சொல்லாது.

கேட்ட விலை, கை மாறிய விலை

6,000 என்று சீட்டில் எழுத மைச்செலவு மட்டுமே. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கேட்கிறவர்கள் சந்தையில் ஏராளம். அந்த எண்களைப் பார்த்துவிட்டு, ‘என் வீட்டில் இருப்பதும் இவ்வளவு போகும்’ என்று நம்புகிறவர்கள் அதைவிட ஏராளம்.

ஆண்டுதோறும் வெளியாகும் ‘புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ என்ற தடிமனான புத்தகம் ஒவ்வொரு மாடலுக்கும் மெருகு எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை வைத்து விலை சொல்கிறது. அளவுகோலாக அது நல்லது. ஆனால் அச்சாகி வருவதற்குள் சந்தை நகர்ந்திருக்கும். மேலும் 98 சதவீதத்துக்கும் 100 சதவீதத்துக்கும் இடையில்தான் ஆயிரக்கணக்கான டாலர் ஒளிந்திருக்கிறது. அந்த இரண்டு சதவீதத்தைப் படம் பார்த்து முடிவுசெய்ய முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உருப்படியான ஆதாரம் ஒன்றுதான்: இதே மாடல், இதே பேரல் நீளம், இதே மெருகு, ஏறத்தாழ இதே ஆண்டு, இதே நிலை, அண்மையில் உண்மையாகவே பணம் கை மாறிய ஐந்தாறு விற்பனைகள். அவற்றில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிடலாம். உச்ச விலை பல நேரம் விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் ஒரே இரவில் மோதிக்கொண்டதன் விளைவு. அடிவிலை பல நேரம் படம் சரியாக எடுக்காததன் விளைவு. நடுவில் இருப்பவைதான் பேசும்.

ஏல விலையைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சுத்தியல் 5,000 டாலரில் விழுந்தது, வாங்குகிறவர் மேலே 20 சதவீதம் பிரீமியம் கட்ட வேண்டும், விற்கிறவரிடம் 15 சதவீதக் கமிஷன். பட்டியலில் 6,000 என்று அச்சாகும். விற்றவர் கைக்கு வந்தது 4,250. ஒரே விற்பனை, மூன்று எண்கள். ‘ஏலத்தில் ஆறாயிரம் போனது’ என்று சொல்லி மேசைக்காரர் ஆறாயிரம் கேட்டால், அவர் ஏல நிறுவனத்தின் பங்கையும் சேர்த்துத் தன் பைக்குக் கேட்கிறார் என்று பொருள்.

அமெரிக்க வரிச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு ஒரு வரையறை உண்டு. வாங்க விருப்பமுள்ள ஒருவரும் விற்க விருப்பமுள்ள ஒருவரும், இருவருக்கும் நெருக்கடி ஏதுமின்றி, இருவருக்கும் போதிய விவரம் தெரிந்த நிலையில் ஒப்புக்கொள்ளும் விலை என்பது அதன் சாரம். சட்டப் புத்தகத்திலிருந்து வந்தாலும் சந்தைக்கும் இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரிந்து இல்லை. நடைமுறையில் இந்த மூன்றில் ஒன்று எப்போதும் இடறும். பெரும்பாலும் ‘விவரம் தெரிந்த’ என்பது.

துல்சா மேசைக்கே வருவோம். 1970-களில் செய்த ஆறு அங்குல நீல பைத்தான் என்பது அந்தக் குடும்பத்திலேயே அதிகம் செய்யப்பட்ட வகைகளில் ஒன்று. நன்றாகப் புழங்கிய ஒன்று சுமார் 2,000 முதல் 3,000 டாலருக்குள் கை மாறுகிறது. பெட்டியும் எண்ணும் பொருந்தி, கோடு இல்லாமல், திருகுகள் கன்னி கழியாமல் இருந்தால் அதற்கு மேல் ஒன்றரை மடங்கு வரை கொடுப்பதில் தவறில்லை. ஆறாயிரம் என்றால் மூன்று அங்குல பேரல், முதலாண்டு வரிசை எண் போன்ற அரிய காரணம் ஏதாவது வேண்டும். ‘சுடாதது’ என்ற வாக்குறுதி மட்டுமே காரணம் என்றால், நான் நாலாயிரத்தை ஒட்டிப் பேச்சைத் தொடங்குவேன். அவர் இறங்காவிட்டால் அடுத்த வரிசைக்கு நடையைக் கட்டுவேன். மேசைகள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றனவே.

எல்லோரும் பொத்தி வைத்தால்

பழையது, பயன்படுத்தாதது, பெட்டியோடு இருப்பது என்றால் விலை போகும் என்று நினைப்பவர்களுக்கு வின்செஸ்டர் நிறுவனம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1966-இல் தன் நூற்றாண்டை ஒட்டி அது ஒரு நினைவுத் துப்பாக்கி வெளியிட்டது. பொன் பூசிய பாகங்கள், அழகான பெட்டி. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1968-இல் பஃபலோ பில் நினைவாக இன்னொன்று. அதுவும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பிற்காலத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று சுடாமல் அலமாரியில் வைத்தார்கள்.

அறுபதாண்டு கழித்து அவை இன்னும் பெட்டியோடு, பிரிக்காமல், ஆயிரக்கணக்கில் சந்தைக்கு வருகின்றன. வாங்குவதற்குத்தான் ஆள் குறைவு. கோல்ட்டும் அறுபது எழுபதுகளில் நினைவு ரிவால்வர்களை வரிசையாக இறக்கியது. பெரும்பாலானவற்றின் கதியும் இதுதான். சேகரிப்பாளருக்கென்றே செய்த பொருளைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. பைத்தானின் மதிப்பு உயர்ந்ததற்குக் காரணமே அதைப் போலீஸ்காரர்களும் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் வீரர்களும் வாங்கிச் சுட்டுத் தேய்த்ததுதான். அவர்கள் தேய்த்ததால்தான் தேயாதவை அரிதாயின.

சுட்டதால் விலை ஏறியவை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், ஷெரிஃப் பாட் காரெட் இருட்டறை ஒன்றில் பில்லி தி கிட் என்ற இளம் கொள்ளையனைச் சுட்டுக் கொன்றார். அந்த கோல்ட் ரிவால்வர் 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் போன்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. இருபது முதல் முப்பது லட்சம் டாலர் போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பிரீமியத்தோடு போனது 60 லட்சத்துக்கும் மேல். அன்றைய தேதிக்குத் துப்பாக்கி ஏலங்களில் அதுதான் உலக உச்சம். மெருகு எத்தனை சதவீதம், சுழற்கோடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

பெயரில்லாத துப்பாக்கிக்குச் சுடாமலிருப்பது மதிப்பு. பெயர் பெற்ற துப்பாக்கிக்கு அது சுட்ட ஒரு குண்டே மதிப்பு. இடையில் இன்னொரு வகை இருக்கிறது. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்தை அறிமுகப்படுத்தியபோது, ஒவ்வொரு ரிவால்வரையும் வாங்கியவர் பெயரில் பதிவுசெய்து சான்றிதழ் கொடுத்தது. விலை 60 டாலர். முதல் ரிவால்வர் எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. தளபதி ஜார்ஜ் பேட்டனும் ஒன்று வாங்கித் தந்தப்பிடி போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டார். இவ்வகையில் ஏறத்தாழ 5,500 தான் செய்யப்பட்டன. இன்று இவற்றில் ஒன்று சந்தைக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி ‘சான்றிதழ் இருக்கிறதா?’ என்பதே. சுட்டதா என்பது அதற்குப் பிறகுதான்.

பூட்டி வைத்ததற்கு ஆகும் செலவு

சுடாத ரிவால்வரின் சொந்தக்காரர் ஒரு விசித்திரமான நிலையில் மாட்டிக்கொள்கிறார். ஒரே ஒரு முறை சுட்டால் சில நூறு, சில வேளை ஆயிரத்துக்கு மேல் டாலர் காற்றில் போகும். அது அவ்வளவு விலையுள்ள தோட்டா. ஆகவே சுடுவதில்லை. எடுத்துப் பார்த்தால் விரல் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். ஆகவே எடுப்பதும் இல்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பட்டுப்புடவை போல, வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி, மறுபடி மூடுகிறார். அந்த ஒருமுறையும் தவறினால் எண்ணெய் இறுகிப் பிசினாகி உள்பாகங்கள் ஒட்டிக்கொள்ளும். பெட்டித் தெர்மகோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் மெருகைத் தின்னும். கெட்டிக்காரச் சேகரிப்பாளர்கள் பெட்டியைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் வைப்பது இதனால்தான். பலர் இரண்டு பைத்தான் வைத்திருக்கிறார்கள்: பார்க்க ஒன்று, சுட ஒன்று.

பெரிய நஷ்டம் சொந்தக்காரர் போன பிறகு வருகிறது. கணவர் நாற்பது ஆண்டு சேர்த்த இருபது துப்பாக்கிகளை அறையில் வைத்துக்கொண்டு, எது என்னவென்று தெரியாமல் நிற்கும் மனைவி. ‘சீக்கிரம் விற்றுத் தொலைப்போம்’ என்னும் பிள்ளைகள். வரையறையில் பார்த்த ‘நெருக்கடி இல்லாமல்’, ‘விவரம் தெரிந்து’ இரண்டுமே இங்கே இல்லை. முதலில் கதவைத் தட்டும் வியாபாரி மொத்தமாக ஒரு தொகை சொல்வார். அவருக்கும் கடை வாடகை, லாபம், விற்காமல் கிடக்கும் காலம் எல்லாம் உண்டு. சில்லறை விலையில் அறுபது, எழுபது சதவீதம் தருகிறார் என்றால் அவரைக் குறைசொல்ல முடியாது. இருபதில் மூன்றுதான் விலை உயர்ந்தவை என்று அவருக்குத் தெரிந்து, இவர்களுக்குத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி போடுவதில்தான் அநியாயம் நுழைகிறது. காலிப் பெட்டிகளைக் குப்பை என்று எறிந்துவிட்டு, பிறகு விலை விசாரிக்கிற குடும்பங்களும் உண்டு.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள்: எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது, எண் என்ன, இன்று என்ன போகும், யாரிடம் கேட்க வேண்டும். வரிக்கும் இது உதவும். அமெரிக்காவில் வாரிசு விற்கும்போது லாபத்தை இறந்த நாளின் சந்தை மதிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள், அப்பா 1962-இல் கொடுத்த 125 டாலரிலிருந்து அல்ல. அந்த நாளின் மதிப்புக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் நல்லது.

காப்பீட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் போன்ற ஒரு மொத்த உச்சவரம்பு உண்டு. அலமாரியில் இருந்தது ஐம்பதாயிரம் டாலர் சரக்கு என்றாலும் கைக்கு வருவது அதுதான். தனிப் பட்டியல் போட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் முழுமதிப்பு கிடைக்கும். அதற்கு மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த தாள் வேண்டும். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு திருடு போனால் புதிதாகத் தேடி வாங்க ஆகும் செலவு; அதே தாளை விற்கும்போது நீட்டி ‘இதுதான் விலை’ என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

சட்டமும் விலையில் கை வைக்கிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்துக்காரருக்குக் கைத்துப்பாக்கியை நேராக விற்க முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். விதிவிலக்கு இரண்டு. உயிலாலோ வாரிசு உரிமையாலோ வந்தால் மாநில எல்லை தடையில்லை. இன்னொன்று, ஐம்பது வயதைக் கடந்த துப்பாக்கிகளை வாங்கச் சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று உண்டு. மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். அது இருந்தால் இன்னொரு மாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே வரவழைக்கலாம், மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காவிட்டால். ஆகவே 1972 பைத்தானை வாங்கக் கூடியவர்களின் வட்டம் 1992 பைத்தானுக்கு உள்ளதைவிடச் சற்றுப் பெரிது.

---
பெட்டிச் செய்தி: நம் நாட்டில் எப்படி?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இங்கே ரிவால்வர் வைத்திருக்க முடியாது. 2019-இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை 1980-களின் நடுவிலேயே அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன் வந்த பழைய வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் உரிமதாரர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கை மாறுகின்றன. அமெரிக்காவில் அதே பழைய ரிவால்வர் அந்த விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். உள்நாட்டில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்த ‘நிர்பீக்’ 2014-இல் அறிமுகமானபோது அதன் விலை 1,22,360 ரூபாய்.

---

லாபமா இது?

கடைசியில் பணக்கணக்கு. 1955-இல் 125 டாலர் என்பது 2024-இன் பணத்தில் சுமார் 1,450 டாலர். புதிய பைத்தானின் அறிமுக விலையும் ஏறத்தாழ அங்கேதான் வந்து நின்றது. அந்த முதலாண்டுப் பைத்தானைச் சுடாமல் பெட்டியோடு வைத்திருந்த ஒருவருக்கு இன்று பல ஆயிரம் டாலர் கிடைக்கலாம். பணவீக்கத்தை ஜெயித்துவிட்டார். ஆனால் அமெரிக்காவின் எஸ்&பி 500 பங்குக் குறியீடு 1955 இறுதியில் 45 புள்ளி; 2024 இறுதியில் சுமார் 5,880. ஏறத்தாழ 130 மடங்கு. அதே 125 டாலரை அதில் போட்டிருந்தால், இடையில் வந்த ஈவுத்தொகையைச் சேர்க்காமலே, 16,000 டாலர். பங்குக்கு எண்ணெய் போட வேண்டாம், இரும்புப் பெட்டி வேண்டாம், திருடன் பயமும் இல்லை. முதலீடு என்ற பெயரில் ரிவால்வர் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் சொல்வதில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது அமெரிக்கர்கள் துப்பாக்கிக் கடைகளில் வரிசையில் நின்றார்கள். எஃப்.பி.ஐ. அந்த ஆண்டு செய்த பின்னணிச் சோதனைகள் 3.9 கோடியைத் தாண்டின; முந்தைய ஆண்டு 2.8 கோடி. அந்த வெள்ளத்தில் எல்லாத் துப்பாக்கிகளின் விலையும் மிதந்தது. அந்த ஆண்டுகளின் விற்பனையை அளவுகோலாக வைத்து இன்று விலை சொல்கிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்கட்டும். அதே 2020-இல் புதிய பைத்தான் வந்ததும், சுடுவதற்காகவே பழையதைத் தேடியவர்களுக்குக் கடையில் வேறு வழி கிடைத்துவிட்டது. நடுத்தர நிலையில் உள்ள பழைய பைத்தான்களுக்கு அதனால் நெருக்கடி. பெட்டியோடு இருப்பவற்றை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்; அவர்கள் புதியதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த ஆட்களில் பலர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிறந்தவர்கள். பைத்தானைச் சிறுவயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கியவர்கள். அவர்களுடைய அலமாரிகள் அடுத்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெட்டியோடும் காகிதத்தோடும், கோடு விழாமல் வைத்திருந்தவை மொத்தமாகச் சந்தைக்கு வரும். தொலைக்காட்சித் தொடரில் பார்த்து ஆசைப்பட்ட அடுத்த தலைமுறைக்கு அத்தனையையும் வாங்கப் பணமும் இடமும் இருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த 6,000 டாலர் சீட்டின் எதிர்காலம். 1966-இன் வின்செஸ்டரைப் பார்த்தவர்கள் இப்போதே ஒன்றிரண்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள்.